ஸ்பிரிங்க்ளர் சரியாகத் தெளிக்கவில்லையா? புதிது வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டு முன்புறம் கொஞ்சம் கொரியன் புல் போட்டு, நடுவில் ஒரு ஸ்பிரிங்க்ளரை நட்டு வைத்தவர்களுக்கு முதல் கோடையிலேயே தலைவலி ஆரம்பித்துவிடும். ஸ்பிரிங்க்ளர் காலடியில் சொதசொதவென்று ஈரம், மூலைகளில் காய்ந்து பழுப்பான புல். சில நாள் சுற்றும், சில நாள் ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டு நிற்கும். உடனே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி மாட்டுவோம். அதுவும் ஒரு மாதத்தில் அதே கோலத்துக்கு வந்து சேரும்.

காரணம், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் மேல் குற்றமே இருக்காது. அதற்கு வரும் தண்ணீருக்கு வேகம் போதாது, அல்லது அளவு போதாது, அல்லது அதில் மணலும் உப்பும் இருக்கும். அதனால் பழுது பார்க்கும்போது தண்ணீர் வரும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் குழாய், கடைசியில்தான் ஸ்பிரிங்க்ளர். இந்த வரிசையை மாற்றினால் காசும் நேரமும் வீண்.

உங்களிடம் இருப்பது எந்த வகை

வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகைதான். 'டக்டக்டக்' என்று தட்டிக்கொண்டே சுற்றுவது இம்பாக்ட் ஸ்பிரிங்க்ளர். தோட்டங்களிலும் வயல்களிலும் பார்த்திருப்பீர்கள். 1933-இல் கலிபோர்னியாவின் கிளெண்டோரா என்ற ஊரில் ஆர்டன் எங்கல்ஹார்ட் என்பவர் உருவாக்கியது. அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. இது ஒழுங்காக வேலை செய்ய சுமார் 2 பார் அழுத்தம் வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் வரும்போது மட்டும் தரையிலிருந்து எழும்பும் பாப்-அப். விசிறி மாதிரி தெளிக்கும் சாதாரண பாப்-அப்புக்கும் 2 பார் தேவை. சுற்றிக்கொண்டே தூரமாகப் பீய்ச்சும் பாப்-அப் என்றால் 3 பார் வரை கேட்கும். மூன்றாவது, நர்சரிக் கடைகளில் விற்கும் பட்டாம்பூச்சி ஸ்பிரிங்க்ளரும் மூன்று கை உள்ள சுழலியும். இவை 1 பாரிலேயே ஓரளவு சுற்றும்.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறில் முக்கால்வாசி இதிலேயே பிடிபடும்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். உங்கள் மாடித் தொட்டி இரண்டு தளத்துக்கு மேல் இருக்கிறது, தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தரையில் கிடைப்பது 0.8 பார். அதுவும் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது. ஓட ஆரம்பித்ததும் குழாயின் உராய்வில் இன்னும் கொஞ்சம் போய்விடும். 2 பார் கேட்கும் ஸ்பிரிங்க்ளரை இந்த லைனில் மாட்டிவிட்டு 'மட்டமான சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அழுத்தத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, ஸ்பிரிங்க்ளருக்குப் பக்கத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மாட்டுங்கள். வீட்டு உபயோகத்துக்கு 0 முதல் 6 பார் வரை காட்டும் கேஜ் போதும். ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். மூடி வைத்திருக்கும்போது அது காட்டும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து அளவு. 10 லிட்டர் வாளியைத் தோட்டக் குழாயின் கீழே வைத்து, முழுக்கத் திறந்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். ஆனால் இது தடையில்லாமல் ஓடும் அளவு. சின்னத் துளை வழியாக அழுத்தத்தோடு வெளியேறும்போது இவ்வளவு கிடைக்காது. முக்கால் பங்கைத்தான் நம்பிக் கணக்குப் போட வேண்டும்.

வாளி நிறையவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் குழாயைச் சந்தேகப்படுங்கள். பல வீடுகளில் தோட்டத்துக்கு அரை அங்குலக் குழாயை இழுத்து விட்டிருப்பார்கள். அந்தக் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால், 10 மீட்டர் நீளத்துக்குள் சுமார் 2 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் காணாமல் போகும். அதே தண்ணீர் 1 அங்குலக் குழாயில் போனால் இழப்பு 20 செ.மீ.கூட வராது. மாடித் தொட்டியிலிருந்து கிடைப்பதே 8 மீட்டர்தான் எனும்போது 2 மீட்டர் சின்ன விஷயமில்லை.

கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன், ஸ்பிரிங்க்ளரை ஓட விட்டு ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். எங்கே கோளாறு என்பதைத் தண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும்.

கோடு போட்ட மாதிரி சீராகப் பீய்ச்சி, ஆனால் பாதி தூரத்திலேயே விழுகிறதா? அழுத்தக் குறைவு. கிளம்பும் இடத்திலேயே இரண்டாகப் பிரிந்தோ, பக்கவாட்டில் தெறித்தோ போகிறதா? நாசிலில் (தண்ணீர் பீய்ச்சும் முனையில்) அடைப்பு. புகை மாதிரி பொடிப் பொடியாகிக் காற்றில் பறக்கிறதா? அழுத்தம் அதிகம், போர் மோட்டாரிலிருந்து நேராக எடுத்தவர்களுக்கு வரும் பிரச்சினை இது. நாசிலில் வேகமாக வந்து, அடியில் திருகும் இடத்திலும் ஒழுகுகிறதா? வாஷரோ டெஃப்லான் டேப்போ போய்விட்டது. எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோனால் மோட்டார், வடிகட்டி, வால்வு ஆகியவற்றைப் பாருங்கள், அல்லது மண்ணுக்குள் எங்கேயோ குழாய் உடைந்திருக்கும். ஒன்று மட்டும் மக்கர் செய்தால் அதை மட்டும் கழற்றினால் போதும்.

சுத்தம் செய்வது

தேவையானவை அதிகமில்லை: ஒரு பழைய டூத் பிரஷ், வாளி, வினிகர் அல்லது சிட்ரிக் அமிலத் தூள், டெஃப்லான் டேப், ஒரு ஸ்பேனர், தென்னை ஈர்க்குச்சி இரண்டு.

மோட்டாரை நிறுத்துங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்சிபியையும் (மின்பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். நனைந்த தரையில் ஈரக் கையோடு நிற்கப் போகிறீர்கள், இதில் அலட்சியம் வேண்டாம். பிறகு வால்வை மூடிவிட்டு ஸ்பிரிங்க்ளரைக் கழற்றுங்கள். கழற்றும்போது கீழே இருக்கும் நிற்கும் குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங்க்ளருக்குப் பதிலாக மண்ணுக்குள் இருக்கும் எல்போ சுற்றி, அங்கே புதிதாக ஒரு ஒழுகல் பிறக்கும்.

கழற்றியதும் வெறும் குழாயில் அரை நிமிடம் தண்ணீரைத் திறந்து விடுங்கள். முதலில் கலங்கலாகக் கொஞ்சம் மணலும், பச்சைப் பாசித் துணுக்கும், சில வீடுகளில் பிவிசி அறுத்தபோது விழுந்த வெள்ளைத் தூளும் வந்து விழும். தண்ணீர் தெளியும்வரை ஓட விடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஸ்பிரிங்க்ளரை மட்டும் கழுவி மாட்டினால், அடுத்த நாளே அதே அடைப்பு.

இனி ஸ்பிரிங்க்ளர். நாசிலைத் தனியாகத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மணல் என்றால் ஒரு துணுக்கு தெரியும். உப்பு என்றால் துளையைச் சுற்றி வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வட்டாரங்களில் இந்த ஓடு சகஜம். வெறும் தண்ணீருக்கு அது கரையாது. பிளாஸ்டிக் நாசிலை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் இளகி வரும். வினிகர் இல்லையென்றால் ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போதும். பித்தளை என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்கவே வேண்டாம். ஓடு போவதோடு ஸ்பிரிங்கும் போய்விடும்.

துளையைக் குத்தி எடுக்க ஈர்க்குச்சிதான் சரி. கம்பியோ ஊசியோ ஆணியோ விடக் கூடாது. 4 மி.மீ. துளை தேய்ந்து 4.5 மி.மீ. ஆகிவிட்டால், பரப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அந்த அளவுக்குத் தண்ணீரும் கூடுதலாகப் போகும், லைனில் அழுத்தம் இறங்கும். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே போதும், பீய்ச்சல் நேராகப் போகாது.

இம்பாக்ட் ஸ்பிரிங்க்ளர் ஏன் நின்றுவிடுகிறது

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் பழுதுபார்ப்பது சுலபம்.

நாசிலிலிருந்து பாயும் தண்ணீருக்கு எதிரே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி கரண்டி மாதிரி வளைந்திருக்கும். தண்ணீர் அந்தக் கரண்டியில் மோதியதும் கை பக்கவாட்டில் தள்ளப்பட்டு விலகும். மேலே இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி அதைத் திரும்ப இழுக்கும். திரும்பி வரும் கை ஸ்பிரிங்க்ளரின் உடம்பில் 'டக்' என்று மோதும். அந்த மோதலில் உடம்பு ஒரு சில டிகிரி நகரும். மறுபடி தண்ணீர், மறுபடி மோதல். நீங்கள் கேட்கும் சத்தம் இதுதான். ஆகவே சுற்றவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கை அசையவே இல்லை, தண்ணீர் மட்டும் போகிறது: தண்ணீர் கரண்டியில் படவில்லை. ஒன்று அழுத்தம் போதாது, அல்லது கை வளைந்துவிட்டது. கிரிக்கெட் பந்து பட்டோ, குழாயை இழுக்கும்போது மாட்டியோ வளைந்திருக்கலாம். பித்தளைக் கை என்றால் மெதுவாக நிமிர்த்தலாம். இன்னொரு காரணத்தையும் பாருங்கள். நாசிலுக்கு எதிரே தண்ணீரைக் கலைத்துவிட ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். தூரம் குறைக்க வேண்டும் என்று யாராவது அதை முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். தண்ணீர் அங்கேயே சிதறிவிட்டால் கரண்டிக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஸ்குரூவை முழுசாக வெளியே எடுத்துவிட்டு, ஓட விட்டு, பிறகு தேவையான அளவு மட்டும் உள்ளே திருகுங்கள்.

கை அடிக்கிறது, உடம்பு நகரவில்லை: தண்ணீரை நிறுத்திவிட்டு ஸ்பிரிங்க்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். நறநறவென்று இருந்தால் அடியில் இருக்கும் பேரிங்கில் மணல் புகுந்திருக்கிறது. தலைகீழாக வாளித் தண்ணீரில் முக்கி, அமுக்கியும் இழுத்தும் சுற்றிக்கொண்டே இருந்தால் மணல் வெளியே வரும். பித்தளை மாடல் என்றால் அடி நட்டைக் கழற்றி வாஷர்களைப் பார்க்கலாம். தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தால் மாற்றுங்கள். கழற்றும்போது எந்த வாஷர் எதற்கு மேல் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் மாடலில் பேரிங் போய்விட்டால் போராட வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

இங்கே எல்லோருக்கும் வரும் ஆசை, கொஞ்சம் எண்ணெயோ கிரீஸோ விடலாமே என்பது. விடாதீர்கள். இந்தப் பேரிங்குக்கு ஓடும் தண்ணீரே எண்ணெய். கிரீஸ் விட்டால் முதல் ஒரு மணி நேரம் ஜோராகச் சுற்றும், பிறகு வருகிற மணல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பேரிங்கை அரைத்துவிடும்.

அடிக்கிறது, ஆனால் குழாயும் சேர்ந்து ஆடுகிறது: இது பலர் கவனிக்காதது. நிற்கும் குழாய் தளர்வாக இருந்தால் மோதலின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும், உடம்பு நகராது. குழாய் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் திணறியும் சுற்றும். குழாயை நேராக நிறுத்தி, பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறுக்கிக் கட்டுங்கள். பாதி 'கெட்டுப்போன' இம்பாக்ட் ஸ்பிரிங்க்ளர்கள் இதற்கே சரியாகிவிடும்.

ஒரு பக்கம் போய் நின்றுவிடுகிறது, திரும்பவில்லை: அரைவட்டம், கால்வட்டம் வைக்கும் மாடல்களில் அடியில் இரண்டு கம்பி வளையங்களும், அவற்றில் இடித்துத் திசை மாற்றும் ஒரு சின்னக் கம்பியும் இருக்கும். வளையம் நகர்ந்திருக்கும், அல்லது அந்தக் கம்பிக்குள் புல்லும் மண்ணும் சிக்கியிருக்கும். எடுத்துவிட்டால் சரி. முழுவட்டம் வேண்டுமென்றால் அந்தக் கம்பியை மேலே தூக்கிவிட்டால் போதும்.

பாப்-அப்பில் பார்க்க வேண்டியவை

எழும்பவில்லை என்றால் ஒன்று அழுத்தக் குறைவு, இல்லாவிட்டால் கழுத்து ரப்பரில் மண். எழும்பியது உள்ளே போகவில்லை என்றாலும் அதே மண்தான். கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். நாசிலைத் திருகி எடுத்தால் அடியில் விரல் நீளத்துக்குக் கூடை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அதை எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். முழு பாப்-அப்பையும் தோண்டி எடுக்கத் தேவையில்லை. மேல்மூடியைத் திருகினால் உள்பாகம் எல்லாம் கையோடு வந்துவிடும்.

புல்தரைக்கு வருஷா வருஷம் செம்மண்ணும் மணலும் கலந்து தூவும் வழக்கம் இருந்தால், பாப்-அப்பின் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துபோகும். அப்புறம் தண்ணீர் பக்கத்துப் புல்லிலேயே மோதித் திரும்பும். தலை தரை மட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி அடியில் ஒரு நீட்டிப்பு நிப்பிள் போட்டு உயர்த்துங்கள்.

மோட்டாரை நிறுத்திய பிறகும் தாழ்வான இடத்தில் இருக்கும் பாப்-அப்பில் கொஞ்ச நேரம் தண்ணீர் கசிந்தால் பயப்பட வேண்டாம். குழாயில் மிச்சமிருப்பது பள்ளத்தைத் தேடி வடிகிறது. உள்ளேயே செக் வால்வு (தண்ணீர் தானாக வடியாமல் தடுப்பது) உள்ள மாடலை அந்த ஒரு இடத்தில் மட்டும் போட்டால் நின்றுவிடும். நாள் முழுக்கக் கசிந்தால் அது வேறு கதை. வால்வு சரியாக மூடவில்லை. டைமரோடு இருக்கும் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) என்றால் மேல்மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ராமில் மணல் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்ணுக்குள் குழாய் உடைந்திருந்தால்

ஒரு இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக, காலை வைத்தால் மெத்தென்று இருந்தால் அங்கேதான். கசியும் இடத்தில் மட்டும் குழி தோண்டினால் போதாது. இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அடி தோண்டுங்கள். அப்போதுதான் குழாயைச் சற்று வளைத்துக் கப்ளிங்கை நுழைக்க முடியும். ஆக்சா பிளேடால் உடைந்த துண்டை நேராக அறுத்து எடுத்து, விளிம்பின் பிசிறைத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் பிவிசி பேஸ்ட் தடவி, உள்ளே தள்ளியபடி கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றே அழுத்தம் கொடுக்காமல் மறுநாள் காலையில் திறப்பது உத்தமம். சோதித்துப் பார்க்காமல் குழியை மூட வேண்டாம்.

மரை உள்ள இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் திருப்பு. அதற்கு மேல் பலம் காட்டினால் பிளாஸ்டிக் எஃப்டிஏ (உள்மரை உள்ள இணைப்பு) கீறல் விடும். ஸ்பிரிங்க்ளர் மாட்டும் இடத்தில் பித்தளை மரை வைத்த எஃப்டிஏ போட்டால் பத்து முறை கழற்றி மாட்டினாலும் தாங்கும். தரைக்கு மேல் தெரியும் வெள்ளைப் பிவிசிக்கு ஒரு பூச்சு பெயிண்ட் அடித்துவிடுங்கள். வெயிலில் அது சீக்கிரம் உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

இனி மேம்படுத்துவது: முதலில் வடிகட்டி

ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் வடிகட்டிக்குச் செய்யுங்கள். சொட்டுநீர்ப் பாசனப் பொருள்கள் விற்கும் கடைகளில் 1 அங்குல டிஸ்க் ஃபில்டரோ ஸ்க்ரீன் ஃபில்டரோ கிடைக்கும். 120 மெஷ் என்று கேட்டு வாங்குங்கள், சுமார் 0.13 மி.மீ.க்கு மேற்பட்ட துகளை அது நிறுத்திவிடும். மோட்டாருக்குப் பிறகு, தோட்ட லைன் பிரியும் இடத்தில், கை எட்டும் உயரத்தில் வையுங்கள். ஃபில்டரின் மேல் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மணல் வரும் போர் என்றால் வாரம் ஒருமுறை, இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

அழுத்தத்தைக் கூட்டுவது

மாடித் தொட்டி லைனில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, குறைந்த அழுத்தத்தில் சுற்றும் பட்டாம்பூச்சி வகைக்கு மாறுவது. தூரம் குறையும், எண்ணிக்கை கூடும், மோட்டார் தேவையில்லை. இன்னொன்று, தோட்டத்துக்குப் போகும் லைனில் மட்டும் அரை எச்பி பிரஷர் பம்ப் ஒன்றை வைப்பது. வாங்கும்போது 'அதிகபட்ச ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) 30 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெட் உச்சத்தில் இருக்கும்போது ஓட்டம் பூஜ்யம். '20 மீட்டர் ஹெட்டில் எவ்வளவு ஓடும்' என்று கேளுங்கள். பதில் அட்டவணையில் இருக்கும். மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது தடை செய்யப்பட்ட விஷயம்.

போர் மோட்டாரிலிருந்து நேராக எடுப்பவர்களுக்குப் பிரச்சினை எதிர்த்திசையில். மோட்டார் தள்ளும் தண்ணீரில் கொஞ்சம்தான் ஸ்பிரிங்க்ளருக்குப் போகும். மிச்சத்துக்கு வழி இல்லையென்றால் அழுத்தம் எகிறும், இணைப்பு பிய்த்துக்கொண்டு போகும். ஒரு டீ போட்டு மிச்சத் தண்ணீர் தொட்டிக்கோ சம்ப்புக்கோ திரும்பும்படி செய்து, அந்தக் கிளையில் ஒரு பால் வால்வு (உள்ளே பந்து இருக்கும் வால்வு) வையுங்கள். கேஜைப் பார்த்தபடி அதை மூடியும் திறந்தும் 2 பாருக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் ஒரு பெயிண்ட் அடையாளம் போட்டுவிட்டால் அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

எங்கே வைப்பது, எந்த நாசில்

நடுவில் ஒன்றை நட்டு எல்லாவற்றையும் நனைத்துவிடலாம் என்ற எண்ணம்தான் மூலைகளைக் காய வைக்கிறது. ஸ்பிரிங்க்ளர் தெளிப்பது வட்டம், நம் புல்தரை சதுரம். அதோடு, ஒரு ஸ்பிரிங்க்ளர் தன் எல்லை முழுக்க ஒரே அளவு போடுவதும் இல்லை. தள்ளிப் போகப் போகத் தண்ணீர் குறையும். அந்தக் குறையை அடுத்த ஸ்பிரிங்க்ளர் ஈடுகட்ட வேண்டும். அதனால் ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடிவரை போய் விழும்படி வைப்பதுதான் விதி. கடைக்காரர் 'இடைவெளி விட்டுப் போடுங்க, மூணு போதும்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

15 அடிக்கு 30 அடி புல்தரை என்று எடுத்துக்கொள்வோம். 15 அடி வீசும் விசிறி நாசில் போட்ட பாப்-அப் நாலு மூலையிலும் நாலு. நீளவாக்கின் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூலையில் இருப்பவை கால்வட்டம், நடுவில் இருப்பவை அரைவட்டம். இந்த வகை நாசில்களில் கால்வட்டம் நிமிடத்துக்குச் சுமார் 3.5 லிட்டர், அரைவட்டம் 7, முழுவட்டம் 14 லிட்டர் தரும். பரப்பு இரட்டிப்பானால் தண்ணீரும் இரட்டிப்பு. அதனால் எல்லா இடத்துக்கும் சம அளவு விழும். ஆறுக்கும் சேர்த்து 28 லிட்டர் தேவை. உங்கள் வாளிக் கணக்கில் இது வரவில்லையா? மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு பால் வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். 14 லிட்டர் இருந்தாலே போதும்.

இம்பாக்ட் ஸ்பிரிங்க்ளரில் இந்த வசதி தானாக வராது. முழுவட்டத்துக்கும் கால்வட்டத்துக்கும் ஒரே நாசிலைப் போட்டால், கால்வட்டத்தில் விழும் தண்ணீர் நாலு மடங்கு. மூலைக்குச் சின்னத் துளை நாசில் வாங்கி மாட்டுங்கள். என்னைக் கேட்டால், 500 சதுர அடிக்குக் கீழே இருக்கும் புல்தரைக்கு இம்பாக்ட் தேவையே இல்லை. 10 மீட்டர் பீய்ச்சுவதைச் சின்ன இடத்தில் அடக்கி வைக்கப் பார்ப்பதும், தெருவில் போகிறவர் மேல் தெளிப்பதும் வீண் வம்பு. 200 சதுர அடிதான் என்றால் ஸ்பிரிங்க்ளரே வேண்டாம். ஹோஸ் நுனியில் பூவாளித் தலை மாட்டிக் கையால் விட்டால் பத்து நிமிட வேலை.

டப்பா வைத்துச் சோதிப்பது

எல்லாம் மாட்டிய பிறகு சரியாக விழுகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரே அளவுள்ள, பக்கங்கள் நேராக இருக்கும் எட்டு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தம்ளர் சரிவராது, வாய் அகன்றிருக்கும். மூலை, நடு, ஓரம் என்று பரப்பி வைத்து, காற்றில்லாத காலை நேரத்தில் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. உயரம் தண்ணீர் இருக்கிறது என்று ஸ்கேலால் அளங்கள்.

6, 7, 5, 8, 3, 2, 7, 6 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44, சராசரி 5.5. மிகக் குறைந்த இரண்டின் சராசரி 2.5. அதை 5.5-ஆல் வகுத்தால் 45 சதவீதம். இது மோசம். 70-க்கு மேல் வந்தால் வீட்டுக்குப் போதும். எந்த டப்பாவில் குறைந்ததோ, அதற்குப் பக்கத்து ஸ்பிரிங்க்ளரைப் பாருங்கள்: சாய்ந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, ஏதாவது செடி மறைக்கிறதா. திருத்திவிட்டு மறுபடி டப்பா வைத்துப் பாருங்கள். காய்ந்த மூலைக்காக எல்லா இடத்துக்கும் கூடுதல் நேரம் தண்ணீர் விடுவதைவிட இது எவ்வளவோ மலிவு.

எவ்வளவு நேரம் ஓட்டுவது

கோடையில் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 மி.மீ. தண்ணீர் தேவைப்படும். 1 மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். மேலே சொன்ன 450 சதுர அடி ஏறக்குறைய 42 சதுர மீட்டர், 5 மி.மீ.க்கு 210 லிட்டர். ஆறு பாப்-அப்பும் சேர்ந்து நிமிடத்துக்கு 28 லிட்டர் என்றால் ஏழரை நிமிடத்தில் வேலை முடிந்தது. இதே 5 மி.மீ.யை 10 மீட்டர் தூரம் வீசும் ஒற்றை இம்பாக்ட் செய்ய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும்; நிமிடத்துக்கு அது தரும் 14 லிட்டர் அவ்வளவு பெரிய வட்டத்தில் பரவிப் போகிறது. இரண்டு வகையையும் 'தினம் கால் மணி நேரம்' என்று ஒரே கணக்கில் ஓட்டுவதால்தான் ஒரு வீட்டில் புல் அழுகுகிறது, இன்னொரு வீட்டில் காய்கிறது. உங்கள் டப்பாக் கணக்கிலிருந்து உங்கள் நேரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

கரிசல் மண்ணானால் ஏழரை நிமிடத்தையும் ஒரே மூச்சில் விட்டால் தண்ணீர் வழிந்து ஓடும். நாலு நிமிடம் விட்டு, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை விடுங்கள். செம்மண், மணல் கலந்த மண் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே இறங்கியதா என்று பார்க்க ஒரு நீள ஸ்குரூ டிரைவரைச் செருகுங்கள். நாலைந்து அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் போதுமான ஈரம்.

நேரம் விடியற்காலை. காற்று குறைவு, வெயில் ஏறுவதற்குள் இலை உலர்ந்துவிடும். இரவில் விட்டால் இலையெல்லாம் விடியும்வரை ஈரத்தில் நின்று பூஞ்சை பிடிக்கும். டைமர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குழாயில் மாட்டும் டைமர்களில் சோலினாய்டு வகை திறக்கவே ஓரளவு அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டி லைனுக்கு பால் வால்வு வகை டைமரைக் கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் டைமரை அணைத்து பேட்டரியை எடுத்துவிடுங்கள். இம்பாக்ட் தலைகளைக் கழற்றிக் கழுவி உள்ளே வைத்துவிட்டு, குழாய் வாய்க்கு எண்ட் கேப் போடுங்கள். இல்லாவிட்டால் அதற்குள் குளவி கூடு கட்டும். தை பிறந்து பனி குறைந்ததும், கேப்பை எடுத்து முதலில் வெறும் குழாயை அரை நிமிடம் ஓட விட்டுவிட்டு, அப்புறம் தலையை மாட்டுங்கள்.